வெளிச்சுவரும் வீட்டுச் செலவும்

கல்முனை, காத்தான்குடி போன்ற கரையோர ஊர்களில் மாரி ஓய்ந்ததும் வெளிச்சுவரில் உப்புப் பூத்துச் சாந்து உதிர்வதைக் காண்கிறோம். உடனே வர்ணம் பூசி மறைக்க எண்ணாதீர்கள். பீலி ஒழுகுகிறதா, சுவரோரம் தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் திருத்தாமல் பூசினால் அடுத்த மாரியிலும் உதிரும். ஒரே சுவருக்கு இரு தடவை செலவு.

பழுதான சாந்தைக் கொத்தி அகற்றிச் சுவரைக் காயவிடுங்கள். 1 பங்கு சீமெந்துக்கு 5 பங்கு ஆற்றுமணல் போதும், கடல்மணல் வேண்டாம். பூசியபின் 7 நாட்கள் தண்ணீர் தெளியுங்கள்.

பொருட்செலவையும் கூலியையும் சதுர அடிக் கணக்கில் மேசனிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அது அவநம்பிக்கையல்ல, இரு தரப்பாரின் ஹக்கையும் காப்பது. வேலை முடிந்ததும் கூலியைத் தாமதிக்காதீர்கள்.