சின்னஞ்சிறு பாக்கெட்டின் பெரிய கணக்கு

பெட்டிக்கடையின் முகப்பில் சரம்சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. வேண்டியவர் ஒன்றைக் கிழித்து வாங்கிச் செல்கிறார். குளித்து முடித்ததும் அதன் உறையை மறந்துவிடுகிறார். ஆயினும் ஒரு பொருள் எவ்வாறு உருவாக்கப்படுகிறது, எவ்வாறு விற்கப்படுகிறது, காலத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. அந்தப் பாடத்தின் முதல் பக்கம் நம் கடலூரில் எழுதப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி.

ஷாம்பு வருவதற்கு முன்பும் தமிழ்நாட்டில் தலைமுழுக்கு இருந்தது. சீயக்காயுடன் வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல் ஆகியவற்றைச் சேர்த்து, வெயிலில் உலர்த்தி, அரவை மில்லில் கொடுத்து அரைத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் வீடுதோறும் இருந்தது. கொங்கு நாட்டில் அரப்பும் புழங்கியது. 'ஷாம்பு' என்ற சொல்லும் மேலைநாட்டில் பிறந்ததன்று. அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது அது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்திப் புகழ்பெற்றார். அங்கே பரவிய சொல், பின்னாளில் தலை கழுவும் நுரைப்பொருளுக்குப் பெயராகி, புட்டியில் அடைபட்டு நம்மிடமே திரும்பி வந்தது.

அவ்வாறு வந்த புட்டி வசதி படைத்தோர் வீட்டோடு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் ஏழ்மை மட்டுமன்று. பணம் வரும் முறையும் ஒரு காரணம். மாதச் சம்பளக்காரர் கையில் முப்பது நாளைக்கான பணம் ஒரே நாளில் சேர்கிறது. நாட்கூலி பெறுபவருக்கோ அது நாள்தோறும் சிறிது சிறிதாக வருகிறது. மாலையில் கூலி வாங்கியதும் அன்றைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெயை அளந்து வாங்கிச் செல்பவர் அவர். இரண்டு மாதத் தேவைக்கான விலையைப் புட்டி ஒரே நாளில் கேட்டது. அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் விடை கண்டார். சிறு அளவில் மருந்துப் பொருள் வணிகம் செய்துவந்த அவர், முகப்பவுடர், பேதியுப்பு என மக்கள் அறிந்த எப்சம் உப்பு போன்றவற்றைச் சிறு பொட்டலங்களாக்கி எளியோருக்கு எட்டும் விலையில் விற்க முயன்றார். 1970களில் அதே முறையை ஷாம்புவுக்கும் கொண்டுவந்தார். 'வெல்வெட்' என்ற பெயருடன், ஒரு முறை குளிக்கப் போதுமான ஷாம்பு ஒரு சிறு பாக்கெட்டில் வந்தது. பொருளின் தன்மையை அவர் மாற்றவில்லை. அளவை மட்டுமே மாற்றினார். வாங்குபவரின் சட்டைப்பையைப் பார்த்துப் பொருளை அளந்தார். இதுவே அவர் செய்த புதுமை.

அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன், 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துத் தம் ஷாம்புவுக்குச் 'சிக்' என்று பெயரிட்டார். ஷாம்புவையே கண்டிராத சிற்றூர்களுக்கு அவருடைய விற்பனையாளர்கள் சென்றனர். பலர் முன்னிலையில் ஒரு சிறுவனின் தலைக்கு ஷாம்பு தேய்த்து அலசிக் காட்டி, கூடியிருந்தோரை அவன் முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். மல்லிகை, ரோஜா மணங்களில் ஷாம்பு வந்தபோது விற்பனை பெருகியது. தலையில் பூச்சூடும் நாட்டில் எந்த மணம் விற்கும் என்பதை அறிந்து செய்த வேலை அது.

அந்நாளில் அவர் வகுத்த திட்டங்களுள் ஒன்று இன்று நினைத்துப் பார்க்கத் தக்கது. எந்த நிறுவனத்தின் ஷாம்புவாயினும் சரி, வெற்றுப் பாக்கெட்டுகள் சிலவற்றைச் சேர்த்துக் கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரு 'சிக்' பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். பின்னர் 'சிக்' பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று அதை மாற்றினார். வாடிக்கையாளரைத் தம் பக்கம் இழுக்கும் தந்திரம்தான். ஆயினும் குப்பைக்குப் போக வேண்டிய உறைகள் சிலகாலம் மக்கள் கையாலேயே கடைக்குத் திரும்பி வந்தன.

1999இல் 'சிக்' பாக்கெட் 50 பைசாவுக்கு வந்தது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களும் சிறு பாக்கெட்டையே நம்பும் காலம் அதற்குள் பிறந்திருந்தது. பிறகு சில்லறை நாணயங்களின் புழக்கம் குறைந்தது. 2011 ஜூன் மாதத்துடன் 25 பைசா நாணயம் செல்லாததாயிற்று. 50 பைசா சட்டப்படி செல்லுபடியானாலும் கடைகளில் மதிப்பிழந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்ற முழு விலைகள் நிலைபெற்றன. விலை இவ்வாறு நாணயத்தோடு கட்டுண்டுவிட்டால், உற்பத்திச் செலவு ஏறும்போது விலையை உயர்த்த இயலாது. உள்ளே இருக்கும் அளவே குறையும். ஆகவே விலையை மட்டும் பார்ப்பது போதாது. ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் 5 மில்லி இருக்குமானால் 100 மில்லியின் விலை 20 ரூபாய். அது 4 மில்லியாகக் குறைந்தால் 25 ரூபாய். புட்டிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பொதுவிதி. ஷாம்புவில் மட்டும் பல நேரங்களில் பாக்கெட்டே மலிவாக இருப்பதைக் காணலாம்.

இனி, எவரும் போடாத கணக்கு ஒன்று உண்டு. அது அந்த உறையைப் பற்றியது. பார்வைக்கு ஒரே தாளாகத் தோன்றும் அவ்வுறையில் பல அடுக்குகள் உள்ளன. அச்சு அழியாமலும் உறை கிழியாமலும் காப்பது ஓர் அடுக்கு. வெளிச்சமும் ஈரமும் புகாமல், மணம் வெளியேறாமல் தடுப்பது மெல்லிய உலோகப்பூச்சு. வெப்பத்தால் ஒட்டி மூடுவதற்கு உதவுவது உள்ளடுக்கு. மழையிலும் வெயிலிலும் கடை வாசலில் தொங்கும் பொருளைக் கெடாமல் வைத்திருப்பது இந்தக் கூட்டணியே. ஆனால் ஒட்டிய அடுக்குகளைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆகவே மறுசுழற்சிக்கு அது உதவுவதில்லை. பழைய பொருள் வாங்குவோரும் அதற்கு விலை தருவதில்லை. பால் கவரைப் பொறுக்கி எடுப்பவர் கூட ஷாம்பு உறையைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்.

அவ்வாறு கைவிடப்பட்ட உறைகள் சேருமிடங்களில் நம் தீர்த்தக் கட்டங்களும் உண்டு. ஆடிப்பெருக்கு, அமாவாசை நாட்கள் கழிந்த மறுநாள் காலையில் ஆற்றங்கரைப் படித்துறைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூழ்கி எழுவதற்காகச் சென்ற நீரில் நுரையும், ஏறிவரும் படியில் உறையும் எஞ்சுகின்றன.

மறுசுழற்சிக்கு உதவாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக விலக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகள் கூறின. 2018இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. விற்ற உறையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்ற விதி நிலைத்திருக்கிறது. ஆயினும் கடை வாசலில் அதன் அடையாளம் அரிதாகவே தென்படுகிறது.

சிறு பாக்கெட்டைப் பழிப்பது நியாயமாகாது. நாட்கூலிக்காரரையும் வாடிக்கையாளராக மதித்த முதற்பொருள்களுள் அதுவும் ஒன்று. அதைப் பறித்தால் இழப்பு அவருக்கே. குறை அதன் சிறுமையில் இல்லை. பொருள் கைக்கு வந்து சேரும்வரை ஒவ்வோர் அடியையும் எண்ணிச் செய்தவர்கள், அது கையை விட்டுப் போன பின் எங்கே போகும் என்பதை எண்ணாமல் விட்டார்கள். அதற்கான வழியோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. வெற்று உறைக்கு ஒரு சிறு மதிப்பைக் கொடுத்தால் மக்களே அதைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்பதை ஒரு சிறு நிறுவனம் விற்பனைக்காகவே செய்து காட்டியிருக்கிறது. விற்பதற்குப் பயன்பட்ட அந்த வழி, தூய்மைக்கும் பயன்படும். பெரிய நிறுவனங்கள் மனம்வைத்தால் போதும்.

அதுவரை, யாத்திரை புறப்படும் குடும்பங்கள் வீட்டிலேயே தலைமுழுகிவிட்டுச் செல்லலாம். புனித நீரில் வெறும் முழுக்கே போதுமானது. விடுதியில் பாக்கெட்டைப் பிரித்தவர் அதன் உறையைத் தம் பைக்குள்ளேயே வைத்து ஊருக்குக் கொண்டுவரலாம். ஓர் உறையின் எடை ஒரு கிராம்கூட இராது. அதைச் சுமப்பதால் யாருக்கும் தோள் வலிக்காது.