குடும்பச் சண்டையா? கோர்ட்டு வாசலிலேயே இருக்கு சமரச மேஜை!

சென்னை, ராஜா அண்ணாமலைபுரம்:

நீதிபதிகளுக்கே பயிற்சி கொடுக்கும் மாநில நீதித்துறை அகாடமி, ராஜா அண்ணாமலைபுரம் கிரீன்வேஸ் சாலையில்தான் இருக்கிறது. அதே ஏரியாவில் நாலு வீட்டில் வேலை செய்து பிழைக்கும் பெண்களுக்கு, புருஷனோடு தகராறு முற்றினால் தெரிந்தது ரெண்டே வழி. ஒன்று போலீஸ் ஸ்டேஷன். இன்னொன்று ஏரியா பெரிய மனுஷன் வைக்கும் கட்டப்பஞ்சாயத்து.

மூணாவதாக ஒரு வழி சட்டப்படியே இருக்கிறது. அதுதான் சமரச மையம். பலருக்கு இது தெரியவே தெரியாது.

இந்தியாவிலேயே கோர்ட்டோடு சேர்ந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு வளாகத்தில்தான் தொடங்கியது. பிறகு மாவட்டங்களுக்கும் பரவியது. 2023-ல் பாராளுமன்றம் சமரசத்துக்கென்றே தனிச் சட்டமும் கொண்டுவந்தது.

2 நாள் சண்டை, 14 வருஷ அலைச்சல்

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு ஆந்திராவைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கே சாட்சி. 1999 ஏப்ரலில் கல்யாணம். ரெண்டே நாளில் பெரியவர்களுக்குள் பணத் தகராறு. போலீஸ் புகார், கிரிமினல் கேஸ், விவாகரத்து கேஸ், அப்பீல் என்று இழுத்து, 2013 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில்தான் விவாகரத்து கிடைத்தது.

அந்தத் தீர்ப்பில்தான், குடும்ப வழக்குகளை ஆரம்பத்திலேயே சமரசத்துக்கு அனுப்புங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. கேஸ் போடும் முன்பே பேசித் தீர்க்க சமரச மையங்களில் தனி ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது.

பஞ்சாயத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பஞ்சாயத்தில் பெரியவர் சொல்வதுதான் தீர்ப்பு. 'பொம்பளைதான் அனுசரிச்சுப் போகணும்' என்று முடித்துவிடுவார்கள். சமரச மையத்தில் பயிற்சி பெற்ற சமரசர் தீர்ப்பு சொல்ல மாட்டார். ரெண்டு பேரையும் சேர்த்தும் பேச வைப்பார், தனித்தனியாகவும் கேட்பார். முடிவு அந்த ரெண்டு பேர் கையில்தான்.

அங்கே பேசியது வெளியே போகாது. பேச்சு முறிந்தால் 'சமரசம் ஆகவில்லை' என்று மட்டும்தான் கோர்ட்டுக்குப் போகும். யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கேஸில் சாட்சியாகக் காட்ட முடியாது. கோர்ட்டு அனுப்பும் சமரசத்துக்கு கட்டணமும் கிடையாது.

சமரசம் என்றாலே மறுபடி சேர்த்து வைப்பது என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பிரிவது என்று முடிவானால், மாசம் எவ்வளவு ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் வளரும், ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது, சீர்ப் பாத்திரமும் நகையும் எப்போது திரும்பும் என்று எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பேசலாம். கோர்ட்டில் இதில் பலவற்றுக்குத் தனித்தனி மனு போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மந்தைவெளியில் பஸ் ஏறி பாரிமுனை போய்வந்தால் ஒரு நாள் கூலி காலி.

அடி விழும் வீட்டில்?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். ஒருத்தர் பயந்து நடுங்கிக்கொண்டு உட்காரும் மேஜையில் நடப்பது சமரசம் இல்லை, மிரட்டல். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. 2005-ம் வருஷத்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சமரசத்தைக் காரணம் காட்டி வரதட்சணைக் கொடுமைச் சட்டத்தின் வலுவைக் குறைக்கக் கூடாது என்று அதே 2013 தீர்ப்பும் சொல்கிறது.

'சமாதானமாப் போங்க' என்று யாராவது பேப்பரை நீட்டினால் உடனே கையெழுத்து போடக் கூடாது. தொகை, தேதி, தவறினால் என்ன என்பது எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஒப்பந்தத்தை கோர்ட்டு ஏற்று உத்தரவு போட்டால்தான், நாளைக்கு எதிராளி பேச்சு மாறினாலும் பிடிக்க முடியும்.

எங்கே கேட்பது?

கேஸ் நடக்கிறதென்றால், 'சமரசத்துக்கு அனுப்புங்க ஐயா' என்று நீதிபதியிடம் நேராகவே கேட்கலாம். கேஸே போடாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம்.

வக்கீல் பீசுக்கு தாலிச் செயினை அடகு வைக்கும் முன்பு, அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பார்ப்பது நல்லது.