சீனா தன் வரலாற்றில் எந்தப் பக்கங்களைப் படிக்கிறது?

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உள்ள ஷாதியான் பெரிய பள்ளிவாசலின் பச்சைக் குவிமாடம் அகற்றப்பட்டு, அந்த இடத்தில் சீனக் கட்டடக் கலைப்படி கூரை அமைக்கப்பட்ட செய்தி 2024ஆம் ஆண்டு வெளியானது. மினாராக்களும் குட்டையாக்கப்பட்டு உருமாற்றப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு, அதே மாகாணத்தின் நாஜியாயிங் பள்ளிவாசல் குவிமாடத்தை இடிக்கும் முயற்சியை எதிர்த்து முஸ்லிம்கள் வீதியில் இறங்கினர்.

இதே சீனாதான் 2023 மார்ச்சில் சவூதி அரேபியாவையும் ஈரானையும் பீஜிங்கில் ஒரே மேசையில் அமர்த்தி உறவைப் புதுப்பிக்க வைத்தது. 2024 ஜூலையில் பலஸ்தீன அமைப்புகளையும் அங்கே ஒன்றுகூட்டியது.

இவற்றில் எது உண்மையான சீனா என்ற கேள்வி எழுகிறது. இரண்டும்தான் என்பதே பதில். இதைப் புரிந்துகொள்ள, அந்நாடு தன் வரலாற்றை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பதை நாம் சற்று பின்னோக்கிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஒருமைப்பாடு என்ற பழைய பாடம்

ஷாங் அரச காலத்து எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும் பொறிக்கப்பட்ட சீன எழுத்துகளுக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது. அந்த எழுத்து முறையின் வழித்தோன்றலே இன்றும் புழக்கத்தில் உள்ளது. கி.மு. 221இல் சின் அரசன் போரிட்டுக்கொண்டிருந்த நாடுகளை வென்று ஒரே பேரரசாக்கினான். எழுத்து, எடை, அளவை, வண்டி அச்சின் அகலம் ஆகிய அனைத்தையும் ஒரே சீராக்கினான். கொடுமையான அந்த ஆட்சி பதினைந்து ஆண்டுகளில் கவிழ்ந்தது. ஆனால் 'நாடு ஒன்றாக இருந்தால்தான் வாழ்வு, பிரிந்தால் அழிவு' என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. பின்னர் ஹான் பேரரசு உடைந்து, 589இல் சுய் வம்சம் நாட்டை மீண்டும் இணைக்கும் வரை நீடித்த குழப்பமான நூற்றாண்டுகள் அந்த எண்ணத்தை மேலும் வலுப்படுத்தின.

எனினும், அந்த ஒருமைப்பாடு ஹான் இனத்தவரால் மட்டும் உருவானதல்ல. யுவான் வம்சத்தினர் மொங்கோலியர். சிங் வம்சத்தினர் மஞ்சூரியர். இன்றைய சீன வரைபடம் பெரும்பாலும் சிங் பேரரசு விட்டுச்சென்ற சொத்து. உய்குர் முஸ்லிம்கள் வாழும் ஷின்ஜியாங்கில் ஹான், தாங் காலங்களில் சீனப் படைகள் நிலைகொண்டிருந்தது உண்மை. ஆனால் இடையில் பல நூற்றாண்டுகள் அது சீன அரசுகளின் கையில் இருக்கவில்லை. 1759இல் சிங் படைகள் அதைக் கைப்பற்றின. 1884இல் அது மாகாணமாக்கப்பட்டது. ஷின்ஜியாங் என்ற பெயரின் பொருளே 'புதிய எல்லை' என்பதுதான்.

கதவு திறந்திருந்த காலம்

உஸ்மான் (ரழி) அவர்களின் கிலாபத் காலமான 651இல் அரபுத் தூதுக்குழுவொன்று தாங் தலைநகருக்கு வந்ததைச் சீன ஏடுகள் குறிப்பிடுகின்றன. 751இல் தலாஸ் ஆற்றங்கரையில் அப்பாஸியப் படை தாங் படையைத் தோற்கடித்தது. ஆறே ஆண்டுகளில், உள்நாட்டுக் கிளர்ச்சியில் தலைநகரை இழந்த தாங் அரசுக்கு அதை மீட்டுக்கொடுக்க அப்பாஸிய கலீபா அனுப்பிய வீரர்களும் போரிட்டனர்.

சோங் காலத்தில் திசைகாட்டி, வெடிமருந்து, அச்சுக்கலை ஆகியவை வளர்ந்தன. குவான்சோ துறைமுகத்தில் 1009இல் நிறுவப்பட்ட பள்ளிவாசல் இன்றும் உள்ளது. அதே நகரில் தமிழ் வணிகர்களுக்குச் சிவன் கோயில் இருந்ததை 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. யுவான் ஆட்சியில் புகாராவைச் சேர்ந்த ஸையித் அஜல் ஷம்சுத்தீன் யுன்னானின் ஆளுநராகி, நீர்ப்பாசனத்தையும் கல்வியையும் வளர்த்தார்.

அந்த யுன்னானில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர்தான் கடற்படைத் தளபதி செங் ஹே. மிங் பேரரசுக்காக 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்களை மேற்கொண்டார். அவர் காலியில் நிறுவிய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை செலுத்தப்பட்டுள்ளது.

இந்தக் காலத்தை நாம் பொற்காலம் என்று மிகைப்படுத்தவும் கூடாது. 879ஆம் ஆண்டளவில் கிளர்ச்சிப் படையொன்று குவாங்சோவில் அரபு, பாரசீக வணிகர்களைப் பெருந்தொகையில் கொன்று குவித்தது. செங் ஹேயும் 1411ஆம் ஆண்டளவில் இலங்கை மன்னனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றவர்தான். 'சமாதானத் தூதுவர்' என்று பீஜிங் இன்று அவரைப் போற்றும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அவமானமும் மறதியும்

1839 முதல் 1842 வரை நடந்த அபினி யுத்தத்தில் பிரித்தானியா சீனாவை வீழ்த்தி ஹொங்கொங்கைப் பறித்தது. இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனர்களுக்கு விற்கும் வாய்ப்பைக் காக்கவே அந்த யுத்தம். 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீஜிங்கின் கோடைகால அரண்மனையைக் கொள்ளையிட்டு எரித்தன. 1895இல் தாய்வான் ஜப்பானிடம் பறிபோனது. 1937இல் நான்ஜிங்கில் ஜப்பானியப் படை பெரும் படுகொலை நிகழ்த்தியது. இதைத்தான் சீனர்கள் 'அவமானத்தின் நூற்றாண்டு' என்கிறார்கள். காலனித்துவத்தின் வலியை அறிந்த எவரும் அந்தக் காயத்தை மறுக்க முடியாது.

ஆனால் அதே நூற்றாண்டில் சீன அரசே தன் குடிமக்களுக்கு இழைத்தவையும் உள்ளன. 1856இல் யுன்னான் முஸ்லிம்கள் மீதான படுகொலைகளைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சி 1873 வரை நீடித்து இரத்தத்தில் அடக்கப்பட்டது. 1949இல் மா சேதுங் மக்கள் குடியரசை அறிவித்த பின்னரும் துயரம் ஓயவில்லை. 1958இல் தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' திட்டம் கோடிக்கணக்கானோரைப் பட்டினியால் பலிகொண்டது. 1966 முதல் பத்தாண்டுகள் நீடித்த கலாசாரப் புரட்சியில் பௌத்த, தாவோ, கிறிஸ்தவ, இஸ்லாமிய வணக்கத்தலங்கள் எல்லாமே தாக்கப்பட்டன.

அப்போது பள்ளிவாசல்களை மூடியதை எதிர்த்த ஒரு முஸ்லிம் ஊருக்குள் 1975இல் இராணுவம் புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த ஊர்தான் ஷாதியான். மாவோ மறைந்த பின், 1979இல் அது தவறு என்று அரசே ஏற்றுக்கொண்டது. ஊர் மீண்டெழுந்து, பள்ளிவாசலையும் பெரிதாகக் கட்டியது. 2024இல் குவிமாடம் அகற்றப்பட்டது அந்தப் பள்ளிவாசலில்தான்.

இன்று நம் முன்னுள்ள கேள்வி

1978இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தம் ஏறத்தாழ எண்பது கோடி மக்களை வறுமையிலிருந்து மீட்டதாக உலக வங்கி கூறுகிறது. மனித வரலாற்றில் இதற்கு ஈடு கிடையாது. 2012 முதல் ஷி ஜின்பிங் பேசும் 'மாபெரும் மறுமலர்ச்சி' இந்தச் சாதனையின் மீதும் பழைய காயத்தின் மீதும் எழுந்தது. அந்த மறுமலர்ச்சியின் பெயரால்தான் மதங்களைச் 'சீனமயமாக்கும்' கொள்கையும் நடைமுறைக்கு வந்தது. ஷின்ஜியாங்கில் நடந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கையிட்டது.

அந்த அறிக்கையை விவாதிக்கலாமா என்று 2022 ஒக்டோபரில் மனித உரிமைப் பேரவையில் வாக்கெடுப்பு நடந்தது. விவாதம் வேண்டாம் என 19 நாடுகளும் வேண்டும் என 17 நாடுகளும் வாக்களித்தன. பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவை வேண்டாம் என்ற பக்கம் நின்றன. மலேசியா ஒதுங்கிக்கொண்டது. சோமாலியா மட்டும் விவாதம் வேண்டும் என்றது. இரண்டு வாக்குகள் மாறியிருந்தால் முடிவு வேறாகியிருக்கும்.

'இதெல்லாம் அமெரிக்காவின் பிரசாரம்' என்று நம்மவர்களில் சிலர் கூறுவதுண்டு. காஸா விடயத்தில் மேற்குலகின் இரட்டை நாக்கைக் கண்ட பின் அந்தச் சந்தேகம் எழுவது இயல்பே. ஆனால் ஒருவரின் போலித்தனம் இன்னொருவரின் அநீதியை நியாயமாக்கிவிடாது. அதேவேளை, சீன மக்கள் மீது வெறுப்பை வளர்ப்பதும் நமது வேலையல்ல.

மேற்கின் குரலை இரவல் வாங்காமலேயே நாம் பீஜிங்குடன் பேச முடியும். அதற்கு அதன் சொந்த வரலாறே போதுமானது. தாங் தலைநகரைக் காக்க வந்தவர்களும், யுன்னானை வளப்படுத்தியவர்களும், மிங் கொடியைக் கடல் கடந்து ஏந்தியவரும் முஸ்லிம்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களின் பள்ளிவாசல் எப்படி அந்நியச் சின்னமாகும்? 1979இல் தவறு என ஒப்புக்கொள்ள முடிந்த அரசுக்கு இன்று அது ஏன் முடியாது? பீஜிங்கில் கடன் கேட்கவும், ஒப்பந்தம் செய்யவும் செல்லும் முஸ்லிம் தலைவர்களால் இந்தக் கேள்விகளையும் கேட்க முடியும். கேட்கும்படி அவர்களை வலியுறுத்துவது நமது கடமை.