அடங்கினால் குணமா?

எங்கள் லயத்தில் ஒரு அக்கா இருந்தார். ராத்திரியில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக் கத்துவார். ஒருநாள் தோட்டத்து லொறியில் ஏற்றித் தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில மாதம் கழித்து வந்தார். சத்தமே இல்லை. “இப்ப பரவாயில்ல, அடங்கிட்டா” என்றது லயம் முழுக்க.

ஆனால் விரல்கள் நடுங்கின. கொழுந்து எடுக்கிற விரல் நடுங்கினால் கிலோ ஏறாது. கிலோ ஏறாவிட்டால் அரைப்பேர். அந்த அடக்கத்துக்கு விலை கட்டியது அவருடைய வீடுதான்.

மனநோயாளியை அடக்குவது நேற்று வந்த பழக்கம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் புரோமைட், குளோரல், பரால்டிஹைட் கொடுத்தார்கள். அவை தூங்க வைத்தன, அவ்வளவுதான். 1952இல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்ரோமசைனைப் பயன்படுத்தினார்கள். லார்காக்டில் என்று விற்கப்பட்டது அதுதான். அதனால் பலருக்குக் காதில் கேட்ட குரல்கள் குறைந்தன, பலர் வீடு திரும்பினார்கள். அதை மறைத்து எழுதுவது நேர்மை இல்லை. கை நடுக்கமும் உடல் இறுக்கமும் அதே மருந்தோடு வந்தன என்பதை மறைப்பதும் நேர்மை இல்லை.

மருந்து மட்டும் பிரச்சினையில்லை, அதைக் கொடுக்கிற இடமும்தான். 1920களில் திறந்த அங்கொடை ஆஸ்பத்திரியின் நெரிசலை, லண்டனிலிருந்து வந்த எட்வர்ட் மேப்போதர் 1930களின் கடைசியிலேயே கண்டித்தார். ஆள் பற்றாத வார்டில், ஊசி நோயாளிக்காகவா வார்டு அமைதிக்காகவா என்று யார் பிரித்துப் பார்ப்பது? சட்டமாவது காப்பாற்றுமா? நம் மனநோய்ச் சட்டத்தின் அடித்தளம் 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். மலையில் கோப்பி விளைந்த காலத்துச் சட்டம்!

1987இல் தமிழும் அரசகரும மொழி ஆனது. அந்த அக்காவிடம் “என்ன குரல் கேட்குது, என்ன சொல்லுது?” என்று தமிழில் கேட்டவர் யாருமில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில், கத்தல் நின்றதையே குணம் என்று எழுதிவிடுவது லேசு.

மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. தானாக நிறுத்துவது ஆபத்து. ஆனால் கிளினிக்குக்குக் கூடப் போகிறவர்கள் வாயைத் திறந்து கேளுங்கள்: இது என்ன மருந்து? கை நடுங்கினா என்ன செய்யணும்? டோஸை எப்ப குறைப்பீங்க? பதில் தமிழில் வரணும். அது சலுகை இல்லை, நம்ம உரிமை.