கோணல் கூடத்தில் இல்லை

இணையப் பக்கம் குரோமில் ஒழுங்காகத் தெரிந்தால் வேலை முடிந்தது. சஃபாரியிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ கலைந்துபோனால் அது அந்த உலாவியின் கோளாறு. பயனரிடம் 'குரோமில் திறக்கவும்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். தொழிலில் மூத்த வடிவமைப்பாளர் ஒருவர் அண்மையில் எழுதிய நீண்ட கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் சஃபாரி மீதான வசை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார்களோ என்ற கவலை இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

முதலில் அவர் தரும் மருந்தையே பார்ப்போம். ஐபோனில் பக்கம் கலைந்தால் குரோமை இறக்கிக்கொள்ளச் சொல்கிறார். ஐபோனில் இருக்கும் குரோமுக்குள் ஓடுவது சஃபாரியின் வெப்கிட் இன்ஜின்தான் என்பது அவருக்குத் தெரியாதா? ஆப் ஸ்டோர் விதிப்படி ஐபோனுக்கு வரும் எந்த உலாவியும் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தின் நெருக்குதலால் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் விலக்கு உண்டு. நம் ஊரில் இல்லை. ஆக, அவர் பேச்சைக் கேட்டு குரோமை இறக்கியவர் அதே கலைந்த பக்கத்தை வேறொரு சின்னத்தின் கீழ் பார்ப்பார். தெரிந்தே சொல்லியிருந்தால் பயனரை ஏமாற்றியிருக்கிறார். தெரியாமல் சொல்லியிருந்தால் உலாவிகளைப் பற்றி இவ்வளவு உரத்துப் பேசியிருக்கக் கூடாது.

அவருடைய முதன்மைச் சான்று ஒரு விண்ணப்பப் படிவம். 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' என்ற பொத்தான் அவருடைய விண்டோஸ் கணினியில், குரோமில், ஒரே வரியில் அடங்குகிறது. வாடிக்கையாளரின் மேக்கில், சஃபாரியில், இரண்டு வரியாக உடைந்து கீழ்வரி பாதி மறைகிறது. உடனே தீர்ப்பு: சஃபாரிக்குத் தமிழ் தெரியவில்லை.

ஐயா, அங்கே மாறியது உலாவி மட்டுமா? இயங்குதளம் மாறியிருக்கிறது, அதனால் எழுத்துருவும் மாறியிருக்கிறது. நீங்கள் அச்சிட்டிருக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் தமிழுக்கென்று எழுத்துரு எதையும் குறிப்பிடவில்லை. 'சான்ஸ்-செரிஃப்' என்று மட்டும் எழுதி, மிச்சத்தைக் கணினியின் தலையில் கட்டிவிட்டீர்கள். விண்டோஸில் 8ஆம் பதிப்பு முதல் தமிழுக்கு நிர்மலா யூஐ இருக்கிறது, அதற்கு முன்பு லதா. மேக்கில் தமிழ் சங்கம் எம்என். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ். ஒரே அளவு கொடுத்தாலும் ஒவ்வொன்றிலும் எழுத்தின் அகலம் வேறு. வரி உயரத்தையும் நீங்கள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எழுத்துருக் கோப்புக்குள் இருக்கும் அளவுகளிலிருந்து உலாவி கணக்கிட்டுக்கொள்ளும். அந்தக் கோப்பில் இதற்கென ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணைகள் உண்டு, மேக் படிப்பதும் விண்டோஸ் படிப்பதும் எப்போதும் ஒன்றல்ல. இத்தனை மாற்றங்களுக்கு இடையே பொத்தானின் அகலத்தையும் உயரத்தையும் பிக்ஸலில் ஆணியடித்து, மிஞ்சியதை மறைக்கவும் கட்டளை கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாம் வரி பாதி மறைந்தது என்றால், மறைக்கச் சொன்னது நீங்கள்தான். சஃபாரி சொன்னதைச் செய்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அதே மேக்கில் குரோமைத் திறந்து பார்த்திருந்தால் போதும். அங்கும் பொத்தான் உடைந்தால் சஃபாரி மீதான வழக்கு அன்றே தள்ளுபடி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது கோளாறு தேடும் எவருக்கும் முதல் பாடம். அவர் அதைச் செய்ததற்கான அடையாளம் கட்டுரையில் எங்கும் இல்லை. பொத்தானின் உயரத்தை நிலையாக வைக்காமல் குறைந்தபட்ச உயரமாக மாற்றி, ஓரங்களில் உள்ளிடைவெளி கொடுத்து, எழுத்துருவைத் தளத்திலிருந்தே அனுப்பியிருந்தால் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இதே படிவத்தில் பக்கப்பட்டி திரையைத் தாண்டி ஓடுவதையும் உலாவிகள் மேல் போடுகிறார். ஃபிளெக்ஸ்பாக்ஸுக்குள் இருக்கும் பெட்டி, வேறு கட்டளை இல்லாதவரை, தனக்குள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. இது வழு அல்ல, விதி. 'பரிசீலிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன' போன்ற சொற்கள் சாதாரணமாக வரும் மொழியில் இந்த விதி சீக்கிரம் பல்லைக் காட்டும். பெட்டியின் குறைந்தபட்ச அகலம் பூஜ்யம் என்று ஒரு வரி எழுதி, நீண்ட சொல்லை உடைக்க அனுமதியும் கொடுத்தால் தீர்ந்தது. அவரோ இடப்பக்க மார்ஜினுக்கு எதிர்ம எண் கொடுத்து இழுத்துப் பிடித்திருக்கிறார்.

அடுத்த குற்றச்சாட்டு, முழுத்திரைப் பக்கத்தின் அடியில் இருக்கும் பொத்தான் ஐபோனில் முகவரிப் பட்டைக்குக் கீழே போய்விடுகிறது என்பது. 100 வி.எச்., அதாவது திரையின் முழு உயரம், என்று கொடுத்தால் அப்படித்தான் ஆகும், உண்மை. ஆனால் ஆண்ட்ராய்டு குரோமும் 2017இல் வந்த 56ஆம் பதிப்பு முதல் அதே வழியில்தான் கணக்கிடுகிறது: முகவரிப் பட்டை ஒளிந்திருக்கும் நிலையே 100. கையில் ஒரு ஆண்ட்ராய்டு போனை எடுத்துப் பார்த்தவருக்கு இது தெரியும். மேசைக் கணினி குரோமில் கைபேசி வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சிறிய சட்டத்தையே கைபேசி என்று நம்பியவருக்குத் தெரியாது; அங்கே சுருங்கி விரியும் முகவரிப் பட்டை இல்லை. இதற்கான டி.வி.எச்., எஸ்.வி.எச். அலகுகள் 2022க்குள் மூன்று உலாவிகளுக்கும் வந்துவிட்டன. சஃபாரிக்குத்தான் முதலில் வந்தன.

'குரோமே தரம்' என்கிறாரே, அதையும் உரசிப் பார்க்கலாம். ஃபிளெக்ஸ்பாக்ஸில் இடைவெளி விடும் 'கேப்' பண்பு சஃபாரிக்கு 2021 ஏப்ரலில்தான் வந்தது. அந்தத் தாமதத்தை அவர் திட்டுவது நியாயம். பலருடைய பக்கங்கள் அந்த இடைப்பட்ட காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஆனால் அது குரோமுக்கு வந்தது 2020 ஜூலையில். ஃபயர்ஃபாக்ஸில் 2018லேயே இருந்தது. கட்டங்களுக்குள் கட்டம் அமைக்கும் 'சப்கிரிட்' ஃபயர்ஃபாக்ஸுக்கு 2019 டிசம்பரிலும், சஃபாரிக்கு 2022 செப்டம்பரிலும் வந்தது. குரோம் கடைசியாக 2023 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தது. அவருடைய அளவுகோலின்படி அந்த ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கோளாறு யாரிடம் இருந்தது? பின்தங்குவது எல்லா உலாவியும் முறைவைத்துச் செய்யும் வேலை. கட்டுரையாளர் ஒன்றின் முறையை மட்டும் எண்ணுகிறார்.

'வேறு வழியே இல்லாவிட்டால் உலாவியின் பெயரைப் படித்துத் தனி சி.எஸ்.எஸ். கொடுங்கள்' என்ற யோசனைதான் கட்டுரையிலேயே ஆபத்தானது. உலாவிகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயர்வரியைப் போலப் பொய் மலிந்த இடம் இணையத்தில் குறைவு. குரோமின் வரியில் மொசில்லாவும் சஃபாரியும் இருக்கின்றன. எட்ஜின் வரியில் குரோமும் சேர்ந்துகொள்ளும். ஓபரா 2009இல் 10ஆம் பதிப்பை வெளியிட்டபோது, முதல் இலக்கத்தை மட்டும் படிக்கும் தளங்கள் அதை 1 என்று நினைத்ததால், 9.80 என்றே சொல்லிக்கொண்டது. 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஐபேட் சஃபாரி தன்னை மேக் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பெயரை நம்பிய தளங்கள் அன்று என்ன பாடுபட்டன என்று கேட்டுப் பாருங்கள். பெயரைக் கேட்காமல் 'இந்தப் பண்பு உனக்குத் தெரியுமா' என்று கேட்கும் 'சப்போர்ட்ஸ்' விதி 2013இலேயே குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இருந்தது. அதற்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு: கிரிட்டில் மட்டும் 'கேப்' தெரிந்த சஃபாரி, ஃபிளெக்ஸுக்காகக் கேட்டபோதும் தெரியும் என்றது. இருந்தாலும் பெயரைக் கேட்பதைவிட அது நூறு மடங்கு மேல்.

'பெரும்பான்மை எங்கோ அங்கே கட்டு' என்ற தத்துவம் புதிதல்ல. 2001 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது. அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான். அந்த ஐந்தாண்டுகளில் அதற்காக மட்டுமே கட்டிய தளங்களைப் பிரித்து எடுக்க இன்னொரு பத்தாண்டு ஆயிற்று. தமிழ் வாசகருக்கு இந்தக் கதையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ் நாளிதழ்த் தளங்கள் பல, தத்தம் குறியாக்கத்தில், எக்ஸ்புளோரருக்கு மட்டும் புரியும் எழுத்துருக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தன. ஃபயர்ஃபாக்ஸில் திறந்தவர் கண்டது லத்தீன் எழுத்துகளின் குப்பை. அதை யூனிகோடாக மாற்றிக் காட்ட 'பத்மா' என்ற நீட்சியைத் தன்னார்வலர்கள் எழுத வேண்டியிருந்தது. அன்றும் பெரும்பான்மை எக்ஸ்புளோரரிடம்தான் இருந்தது. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்டே அதற்கான ஆதரவை விண்டோஸ் 10இல் முடித்துக்கொண்டது.

இன்னொன்று. கட்டுரையில் அவர் பெருமையோடு தந்திருக்கும் மாதிரி நிரலின் தலையில் டாக்டைப் வரி இல்லை. அது இல்லாத பக்கத்தைக் குரோம் உட்பட எல்லா உலாவிகளும் 1990களின் பழக்கங்களைப் பின்பற்றும் 'குவெர்க்ஸ்' முறையில்தான் காட்டும். தரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர் தன் பக்கத்தைத் தர முறைக்கே கொண்டுவரவில்லை.

உலாவிகளில் வழு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, பத்திருபது வரிக்குச் சுருக்கி, ஒரே கணினியில் இரண்டு உலாவிகளில் திறந்து, அப்போதும் ஒன்றில் மட்டும் தவறினால் அது வழுவாக இருக்கலாம். அதை வெப்கிட்டின் வழுப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் எவரும் பதியலாம். காசு கேட்பதில்லை, எண் ஒன்று கொடுப்பார்கள். அவ்வளவு வசைபாடிய கட்டுரையில் அப்படி ஒரு வழு எண்கூட இல்லை.