புலிகேசி மீண்டும் வரவேண்டுமா?

சென்ற வாரம் பருத்தித்துறையில் இளம் ஆசிரியர் சிலருடன் மாலைத் தேநீருக்கு அமர்ந்திருந்தேன். தட்டைவடைப் பொதி கைமாறிக்கொண்டிருந்தது. பாடத்திட்டத்திலே தொடங்கிய பேச்சு எவ்வாறோ திரைப்படத்திலே போய் நின்றது. 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யின் இரண்டாம் பாகம் வராமற் போனது பெரு நட்டம் என்றார் ஒருவர். "நட்டந்தான் தம்பி, ஆனால் நீர் நினைக்கிற நட்டமன்று" என்றேன். அங்கே சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

2006இல் வெளிவந்த அப்படத்தை நெறிப்படுத்தியவர் சிம்புதேவன். விகடனிலே கேலிச்சித்திரம் வரைந்தவர். தயாரித்தவர் ஷங்கர். இரட்டையராக நடித்தவர் வடிவேலு. கதை புதியதன்று. 1940இல் பி. யு. சின்னப்பாவும் 1958இல் சிவாஜி கணேசனும் 'உத்தமபுத்திர'னாக இரட்டை வேடமிட்ட அதே அரண்மனை. நம்பியார் இருந்த சூழ்ச்சிக்கார மாமனின் ஆசனத்திலே இப்போது நாசர். ஆயின் பழைய படங்கள் எதனை வீரமென்று காட்டினவோ, அதனையே இப்படம் நகைப்பாக்கிற்று. பகைவனைக் கண்டதும் வெள்ளைக்கொடி தேடும் மன்னன், தன் தலையின்கீழ் மல்லனுடைய உடலைச் சேர்த்து ஓவியம் வரைவித்து வருங்காலத்தை ஏமாற்றப் பார்க்கிறான். வாதாபியை ஆண்ட சாளுக்கியரின் பெயர் இக்கோழைக்கு வாய்த்ததே ஒரு பகிடியன்றோ! சாதிச் சண்டைக்கென்று அவன் தனி மைதானம் திறந்துவைக்கும் காட்சியும் உண்டு. அக்காட்சியில் எம்மூரிலே சிரித்தவர் அனைவரும் ஒரே காரணம் பற்றியே சிரித்தனர் என்று கூற நான் துணியேன்.

இந்நகைப்புக்குக் கதைக்குள்ளேயே ஓர் எல்லை உண்டு. மூடனாகிய அரசன் இறுதியிலே திருந்துகிறான்; நாடும் நேர்படுகிறது. திருந்திய புலிகேசியை வைத்து எப்படிச் சிரிப்பது? அவனை மறுபடி மூடனாக்கினால் முதற்படத்தின் முடிவு பொய்யாகிவிடும். புதிய மூடனொருவனைக் கொணர்ந்தால் அது வேறு கதை. பழைய பெயர் அதற்கு எதற்கு? 2014இல் 'தெனாலிராம'னிலே வடிவேலு மீண்டும் அரச உடை தரித்து மீண்டும் இரட்டை வேடம் பூண்டார். முடி இருந்தது, புலிகேசி இல்லை.

தொடர்ச்சி என்றாலே தீது என்பது என் கருத்தன்று. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டு வளர்ந்தவன் நான். மரிக்கார் ராமதாஸ் முஸ்லிம் மக்களின் பேச்சிலும், அப்புக்குட்டி ராஜகோபால் யாழ்ப்பாணப் பேச்சிலும், உபாலி செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழிலும், அப்துல் ஹமீத் ஐயர் பேச்சிலும் உரையாடினர். நால்வரும் ஒரு வாசலிலே கூடினாற் போதும், புதிய பேச்சுப் பிறந்துவிடும். ஆகவே கிழமைதோறும் கேட்டும் எமக்குச் சலிக்கவில்லை. 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாயிற்று. 1978இல் அக்குழுவினரே 'ஏமாளிகள்' என்று இன்னொரு படத்தோடு வந்தனர். அங்கே ஊற்று மனிதரின் பேச்சிலே இருந்தது. புலிகேசியிலோ கதையிலே இருந்தது, கதையோ முடிந்துவிட்டது.

இனி நட்டத்துக்கு வருகிறேன். 2017இல் அதே நெறியாளர், அதே தயாரிப்பாளரோடு '24ஆம் புலிகேசி' தொடங்கி, நடிகருக்கும் தயாரிப்பாளருக்குமிடையே எழுந்த பிணக்கினால் நின்றுபோயிற்று. யார் பக்கம் நியாயம் என்பதை நான் ஆராயப் புகவில்லை. தயாரிப்பாளர் சங்கத்தின் தடை 2021இலேதான் நீங்கியது. வேண்டாத ஒரு படத்துக்காக, வேண்டிய ஒரு கலைஞரைச் சில ஆண்டுகள் நாம் திரையிலே காணாதிருந்தோம். நான் சொன்ன நட்டம் இதுவே.

மீண்டு வந்தவரும் பழைய வேடத்தையே நாடினார். 2006இன் 'தலைநகரம்' படத்து நாய் சேகர் 2022இலே தனிப்படமாகத் திரும்பினான். பழைய சிரிப்புத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டே மாரி செல்வராஜின் 'மாமன்ன'னில், சிரிப்பே இல்லாத ஒரு முதிய தந்தையாக வந்தார். அந்த முகத்தை நாம் அதற்குமுன் பார்த்ததில்லை. அதற்கு எண்ணும் தேவைப்படவில்லை, பழைய பெயரும் தேவைப்படவில்லை.

இவற்றிற் பாதியை அன்று சொன்னபோது அந்த இளம் ஆசிரியர் ஒப்பவில்லை. "படம் வந்திருந்தால் முதல் நாளே போயிருப்பீர்கள், சேர்" என்றார்.

போயிருப்பேன்.