டிசம்பர் 2-இல் போபால் எங்கே?

டிசம்பர் 2 வந்தால் பள்ளிகளில் ஓவியப் போட்டி, மரக்கன்று நடுதல், நெகிழிப் பை ஒழிப்பு உறுதிமொழி. 'தேசிய மாசுக் கட்டுப்பாட்டு தினம்' என்ற பதாகையைப் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது போபாலில் செத்தவர்களுக்கான நாள் என்று தெரியும்? அழைத்துப் போகும் ஆசிரியருக்கே தெரியாவிட்டாலும் அவரைக் குறைசொல்ல முடியாது. பெயரில் போபால் இல்லை, விஷவாயு இல்லை, சாவும் இல்லை. இந்தப் பெயரை மாற்ற வேண்டும்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நடந்ததை மாசு என்ற கணக்கில் சேர்ப்பதே பிழை. யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தது ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட். அதைக் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கவென்று கழற்றப்பட்டுக் கிடந்தது. வாயுவைக் கழுவி நச்சை முறிக்கும் சாதனமோ அத்தனை வாயுவுக்கு ஈடுகொடுக்கும் அளவில் இல்லை. ஆலைக்கு எதிரே குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லக்கூட ஆளில்லை. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் காட்டிய கணக்கிலேயே இறந்தவர்கள் 5,295 பேர். பாதிக்கப்பட்டோரின் அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை இதைப்போலப் பல மடங்கு. இதற்கும் நெகிழிப் பைக்கும் என்ன சம்பந்தம்?

நம் அரசுகள் துயர நாள்களுக்குப் பெயரிடும் முறையில் ஓர் ஓரவஞ்சனை உண்டு. 1959-இல் லடாக்கில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட காவலர்களின் நினைவாக அக்டோபர் 21 வீரவணக்க நாள். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது தீயை அணைக்கப் போய் மாண்டவர்களுக்காகத் தீத்தொண்டு நாள். இரண்டும் நியாயமான மரியாதை. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அதே துறைமுக வெடிப்பில் செத்த நூற்றுக்கணக்கான மற்றவர்களுக்கு நாள் கிடையாது. சீருடையில் செத்தால் வணக்கம். வீட்டில் தூங்கும்போது செத்தால் மற்றவர்களுக்கு ஒரு விழிப்புணர்வுப் பாடம் என்பதே இங்கு வழக்கமாகிவிட்டது.

பாடமாகப் பெயர் வைப்பது எல்லா இடத்திலும் தவறு என்று சொல்லவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் டிசம்பர் 26-ஐ இலங்கை தேசியப் பாதுகாப்பு தினமாக அறிவித்தது. கடலைக் கூண்டில் ஏற்ற முடியாது. அடுத்த முறை உயிர் பிழைக்கும் வழியைத்தான் கற்றுத்தர முடியும். ஆனால் ஜப்பானைப் பாருங்கள். 1923 செப்டம்பர் 1 காண்டோ நிலநடுக்கத்தின் நினைவாக அந்த நாளைப் பேரிடர்த் தடுப்பு நாள் என்கிறார்கள். நிலம் அதிர்ந்ததைத் தொடர்ந்து, கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளப்பிக் கொரியர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்களே, அவர்களுக்கு அந்தப் பெயரில் இடம் எங்கே? மனிதர் செய்த கொலை இயற்கையின் கணக்கில் கரைந்துபோகிறது. போபாலுக்கு நாம் செய்திருப்பதும் இதுதான்.

பழைய புண்ணைக் கிளறுவானேன், நாளையைப் பார்ப்போமே என்று கேட்பவர்கள் உண்டு. புண் ஆறியிருந்தால் அந்தக் கேள்விக்கு மதிப்பிருக்கும். 1989-இல் 47 கோடி டாலருக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. 2010-இல் நிறுவனத்தின் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டுச் சிறை, அன்றே பிணை. நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் இங்கே ஒரு நாளும் விசாரணைக்கு வராமலே 2014-இல் இறந்தார். கூடுதல் இழப்பீடு கேட்ட அரசின் மனுவை 2023-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலை வளாகத்தில் குவிந்திருந்த 337 டன் நச்சுக்கழிவு அங்கிருந்து நகர 2025 ஜனவரி ஆயிற்று. இன்னும் முடியாத வழக்கு இது. அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மார்ச் 24-ஐ, உண்மைக்கும் நீதிக்குமான நினைவு நாள் என்று 2002-இல் சட்டம் போட்டே அறிவித்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

வலியைப் பெயர் சொல்லி அழைக்க டெல்லிக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2021-இல் ஆகஸ்ட் 14, பிரிவினைக் கொடுமைகள் நினைவு தினம் ஆனது. அது பாகிஸ்தானின் சுதந்திர நாள் என்பது தற்செயல் அல்ல. விரல் அண்டை நாட்டை நோக்கி நீளும்போது 'கொடுமை' என்ற சொல் தயங்காமல் வருகிறது. அந்நிய முதலாளியையும், ஆலைக்கு உரிமம் கொடுத்து ஆய்வில் கோட்டைவிட்ட நம் அதிகாரிகளையும் நோக்கி நீளும்போது 'மாசுக் கட்டுப்பாடு' என்று நாக்கு மடங்குகிறது.

சுற்றுச்சூழலுக்கு ஜூன் 5 இருக்கிறது. பேரணியையும் மரக்கன்றையும் அங்கே வைத்துக்கொள்ளட்டும். டிசம்பர் 2, போபால் நினைவு நாள் ஆகட்டும். மத்திய அரசு இழுத்தடித்தால் மாநிலங்கள் தம் பள்ளிகளில் தாமே தொடங்கலாம். தமிழ்நாட்டுக்கு அதற்குத் தனிக் காரணமும் உண்டு: 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளைவிட்டு ஓடினார்கள். அந்தப் பகுதிப் பள்ளிகளுக்குப் போகும் அடுத்த டிசம்பர்ச் சுற்றறிக்கையில் 610-ஆம் எண் தொட்டியின் கதை இருக்கட்டும். பக்கத்து ஆலையில் என்ன வாயு இருக்கிறது, கசிந்தால் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.